ஒட்டாத படிகள்

நார்வே நாட்டுப் பண்ணை வீடுகளின் முற்றத்தில் ‘ஸ்டாபுர்’ என்ற மரக் களஞ்சியம் தனியே நிற்கும். மாவு, உலர்த்திய இறைச்சி, ரொட்டி எல்லாம் அதற்குள். அதன் வாசலுக்குப் போகும் கல்படிகளைப் பாருங்கள். மேல்படி வாசலைத் தொடுவதில்லை. நடுவே ஓர் இடைவெளி. அதைத் தாண்டித்தான் உள்ளே கால் வைக்க வேண்டும்.

எலி ஏறிவிடக் கூடாது என்று விட்ட இடம் அது. கட்டடமே தரையில் படாமல் கால்கள்மேல் நிற்கிறது. படியை ஒட்டிக் கட்டினால் அத்தனை பாடும் வீண். எனக்கோ அந்த இடைவெளி சுவருக்குச் செய்யும் உதவிதான் பெரிதாகப் படுகிறது. நேராக விழும் மழையைக் கூரை தடுத்துவிடும். படியில் பட்டுத் தெறிக்கும் நீரை எது தடுக்கும்? கல்லும் மரமும் ஒட்டிக் கிடந்தால் அங்கே ஈரம் தங்கும், சருகு அடையும், காற்று புகாது. கொஞ்ச நாளில் பலகையின் அடி இற்றுப்போகும். படி விலகி நின்றால் நனைந்த மரம் தானே காய்ந்துவிடும். என்ன அழகான யோசனை!

இந்த இடைவெளிக்கு அடுத்த காப்புதான் மரத்தின்மேல் பூசும் பூச்சு. பைன் மரக்கட்டையை மூட்டம் போட்டு வடித்த தார். 12-ஆம் நூற்றாண்டில் எழுந்த ஊர்னெஸ் மரத் தேவாலயம் போன்றவற்றையும் இந்தத் தார்தான் காத்து வந்திருக்கிறது.

தோட்டத்தில் மர அறை கட்டுபவர்களே, படியைச் சுவரோடு சேர்த்துப் பூசிவிடாதீர்கள். நாலு விரல் இடமாவது விடுங்கள்.