யாளியின் வாயில் உருளும் கல்

யாளி ஓர் உடலில் பல விலங்குகள் கூடிய உருவம். சிங்கத்தின் மார்பும் ஒட்டிய இடையும், பிதுங்கிய கண்கள், வளைந்த கோரைப்பற்கள், சுருள் சுருளான பிடரி ஆகியவை அதன் அடையாளம். முகமும் சிங்கமாகவே இருந்தால் சிம்ம யாளி. துதிக்கை நீண்டால் கஜ யாளி. சங்கப் பாடல்களில் இது ஆளி என்ற பெயரில், யானையையே வீழ்த்தும் மலைவிலங்காக வருகிறது. பல்லவன் இராஜசிம்மன் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய காஞ்சி கைலாசநாதர் கோயிலில் தூண்களைச் சிங்கங்கள் தாங்குகின்றன. விஜயநகர, நாயக்கர் காலங்களில் அந்த இடத்துக்கு யாளி வந்து பின்னங்காலில் எழுந்து நின்றது. வேலூர் ஜலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபமும் மதுரைப் புதுமண்டபமும் அந்த எழுச்சியின் உச்சம்.

இத்தகைய உருவத்தில் ரசிகன் முதலில் பார்க்க வேண்டியது பொருத்து. துதிக்கை எந்த இடத்தில் சிங்க முகத்தை விட்டுப் பிரிகிறது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாதிருந்தால் அது நல்ல யாளி. கன்னத்துச் சதை மெல்லத் திரண்டு துதிக்கையாகிவிட வேண்டும். ஒட்டவைத்தது போலத் தெரிந்தால் சிற்பி தோற்றான். அடுத்தது வாய். சில யாளிகளின் வாய்க்குள் ஒரு கல்லுருண்டை கிடக்கும். விரலால் தள்ளினால் உருளும், வெளியே எடுக்க வராது. அதை உள்ளே போட்டவர் யாருமில்லை. பல்லிடுக்கு வழியே உளியை நுழைத்து, வாயைக் குடையும்போதே நடுவில் கல்லை மிச்சம்விட்டு, அதை உருட்டித் திரட்டி, கடைசியில் அறுத்து விடுவித்திருக்கிறார்கள். ஒரு தட்டுத் தவறினால் பல் போய்விடும். பல் போனால் தூணே வீண்.

மகரம் என்ற இன்னொரு கலப்புருவம் நீர் சார்ந்தது: முதலையின் தாடை, யானைத் துதிக்கை, மீனுடல், தோகையாய் விரியும் வால். சுவாமிக்குப் பின்னால் நிற்கும் திருவாசியின் இரு முனைகளிலும் மகரமும், உச்சியில் யாளிமுகமும் அமைவது மரபு. இலங்கையின் பௌத்த விகாரைகளில் இந்த அமைப்பே மகரதோரணமாக வாசலைச் சூழ்கிறது. தாராசுரம் கோயிலின் சிற்பி இன்னொரு வழியில் போனார். அங்கே யானைக்கும் காளைக்கும் தலை ஒன்றே. ஒரு பக்க உடலை மறைத்துப் பார்த்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. ரிஷபகுஞ்சரம் என்ற இந்தச் சிறு சிற்பத்துக்கு ஈடான கோட்டறிவு வேறெங்கும் அரிது.

கிரேக்கரிடமும் இப்படிப்பட்ட கலப்புப் பிறவிகள் உண்டு. கைமெராவுக்கு முன்புறம் சிங்கம், நடுவில் ஆடு, வால் பாம்பு. சென்டாருக்கு இடைக்கு மேல் மனிதன், கீழே குதிரை. கைமெராவைப் பெல்லரோஃபோன் என்ற வீரன் கொல்கிறான்; பார்த்தினோன் கோயிலின் தென்புறப் பலகைகளில் சென்டார்கள் லாபித் மக்களோடு மல்லுக்கு நிற்கின்றன. ஸ்ஃபிங்ஸ் மட்டும் கல்லறைகளுக்குக் காவலாகவும், டெல்ஃபியில் நாக்ஸோஸ் தீவார் நட்ட உயர்ந்த தூணின் தலையிலும் அமர்ந்தது. கிரேக்கக் கதைகளில் கலப்புயிர் பெரும்பாலும் வீரன் வெல்லவேண்டிய பகை. தமிழ்ச் சிற்பி அதன் மூர்க்கத்தைக் குறைக்காமலே அதைக் கோயிலுக்குள் அழைத்து, கூரையைச் சுமக்கவும் வாசலைக் காக்கவும் வைத்தான். யாளியின் அழகே அந்தச் சுமையில்தான் இருக்கிறது. தூணிலிருந்து பெயர்த்து அருங்காட்சியகத்தில் தனியே நிறுத்தினால் அது பாதி யாளி.

இந்தக் கல்மரபு கொழும்புக்கும் வந்தது. அங்கே கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசர் கோயில் இருக்கிறது. பொன்னம்பல முதலியார் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டிய கோயிலை, அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907இல் தொடங்கி, விஜயநகரப் பாணியில் முழுக் கருங்கல்லாக மாற்றி எழுப்பினார். கல்லுக்கு வண்ணம் பூசவில்லை. கொழும்பின் மற்றக் கோயில்களில் சுதையும் நிறமும் கண்ணை இழுக்கின்றன. இங்கே உளியின் தடம் மட்டும் பேசுகிறது. வெயிலிலிருந்து நுழைபவர் கும்பிட்டுவிட்டு உடனே திரும்பக் கூடாது. இருட்டுக்குக் கண் பழகும்வரை நின்று, தூண்களை அடியிலிருந்து உச்சியிலுள்ள போதிகை வரை பார்க்க வேண்டும்.