பார்வை மான்

வேட்டைக் கதைகளை நான் வெகு காலம் இலக்கியமாக மதித்ததில்லை. ஒரு துப்பாக்கி, ஒரு தைரியசாலி, கடைசிப் பக்கத்தில் செத்துக் கிடக்கும் ஒரு புலி. இதில் நமக்கு என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன். ஓசூரிலிருந்து தளி வழியாக ஜவளகிரிக்குப் போகும் பஸ்ஸில் கென்னத் ஆண்டர்சனைப் படித்தபோதுதான் அந்த எண்ணம் கலைந்தது. ஆலைக் கூரைகள் பின்னால் நகர்ந்து, ராகிக் கொல்லைகள் வந்து, காடு தலைகாட்டிய நேரம். மடியில் 1954-ல் வெளியான அவருடைய முதல் ஆங்கிலப் புத்தகம். அதில் ஜவளகிரிப் பெண்புலியின் கதை இருக்கிறது.

கதை இதுதான். புலிகள் ஜோடி சேரும் பருவம். ஆண்புலி சுடப்படுகிறது. துணையை அழைத்துக்கொண்டு அலையும் பெண்புலிமேலும் ஒரு குண்டு பாய்கிறது, காயத்தோடு தப்புகிறது. பிறகு மனிதரைக் கொல்லத் தொடங்குகிறது. ஆண்டர்சன் பலவிதமாக முயன்றும் அது அகப்படவில்லை. கடைசியில் அது மறுபடியும் துணையை அழைக்கிறது. அவர் ஆண்புலியின் குரலில் பதில் கொடுக்கிறார். அது நம்பி வருகிறது.

இதை வீரக் கதை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இது பொறிக் கதை. பொறி என்றால் இரும்பும் கயிறும் மட்டுமல்ல. பிராணியின் ஆசைதான் அதன் முக்கால் பங்கு. கனடாவில் வசந்தத்தின் தொடக்கத்தில் பீவர் பிடிப்பவர்கள் செய்வதும் இதுவே. அந்தப் பிராணியின் சுரப்பியிலிருந்து எடுத்த வாசனையைக் கரைச் சேற்றில் தடவிவிட்டு, பக்கத்துத் தண்ணீரில் பொறியை வைப்பார்கள். தன் எல்லைக்குள் அந்நியன் வந்துவிட்டானோ என்று பார்க்க வரும் பீவர் அதில் சிக்கிக்கொள்ளும். அவ்வளவு தூரம் போவானேன்? சிறுவயதில், பழக்கிய கௌதாரி அடைத்த கூண்டை நானே சுமந்திருக்கிறேன். அது கூவும், காட்டுக் கௌதாரி சண்டைக்கு வரும், வலையில் விழும். நான் கைதட்டுவேன்.

ஆண்டர்சனின் திறமை எங்கே என்றால், கதையை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. சாதாரண வேட்டைக்காரர் முதல் மனிதப் பலியிலிருந்து தொடங்கியிருப்பார். புலி வெறும் அரக்கியாகியிருக்கும். இவர் துணையைத் தேடும் குரலிலிருந்து தொடங்குகிறார். அதனால் முடிவில் அதே குரல் கேட்கும்போது, சுடுகிறவரின் பக்கம் முழு மனதோடு நிற்க நம்மால் முடிவதில்லை. ஆளைக் கொல்லும் புலியைச் சும்மா விட முடியாது என்பதும் நமக்குத் தெரிகிறது. இரண்டும் சேர்ந்து உறுத்துகின்றன. அந்த உறுத்தல்தான் இலக்கியம்.

ஆனாலும் இந்தக் கதையில் ஒருத்தி இல்லை. அவளைப் புறநானூற்றின் 320-ஆம் பாட்டில் வீரை வெளியனார் வைத்திருக்கிறார். மானைக் காட்டி மானைப் பிடிக்க வேடன் பழக்கி வைத்திருக்கும் பெண்மானுக்குப் பார்வை மான் என்று பெயர். வேடன் அயர்ந்து தூங்குகிறான். காட்டிலிருந்து ஒரு கலைமான் வந்து அதனோடு கூடி விளையாடுகிறது. பொறி பலித்துவிட்டது, கணவனைத் தட்டி எழுப்பவேண்டியதுதான் பாக்கி. மனைவியோ அவன் விழித்துவிடுவானோ என்று அஞ்சுகிறாள். கலை பிரிந்துவிடுமோ என்றும் அஞ்சுகிறாள். வீட்டுக்குள் நடமாடாமல் இருக்கிறாள். அவ்வளவுதான்.

அது ஏழை வேடன் வீடு. அந்தக் கறி அவர்களுக்கு வேண்டாததல்ல. கவி இரக்கம் என்ற சொல்லைச் சொல்லவில்லை, ஒருத்தியின் நடையை நிறுத்தினார். ஆண்டர்சனிடம் அழைக்கும் குரல் இருக்கிறது. கேட்டுக்கொண்டு அசையாமல் நிற்கும் இந்த ஆள் இல்லை. அந்த இடம் வாசகனுக்கு விடப்பட்டிருக்கிறது.

ஜவளகிரிக் காடு 2014 முதல் காவேரி வடக்கு வன உயிரின சரணாலயத்தைச் சேர்ந்தது. வேட்டையைச் சட்டம் 1972-லேயே கட்டுப்படுத்திவிட்டது. ஆனாலும் தென்னாட்டுக் காட்டோரங்களில் பழைய கிளட்ச் கம்பியைச் சுருக்காக்கிப் பன்றிக்கு வைப்பது நின்றபாடில்லை. வைத்தவன் வீட்டில் தூங்குவான். சிறுத்தை விழுந்தாலும் சுருக்கு இறுகத்தான் செய்யும். அங்கே அழைப்பும் இல்லை, பார்த்து நிற்பவளும் இல்லை.

கூண்டு சுமந்த வயதில் அந்தப் பாட்டைப் படித்திருந்தால் என்ன செய்திருப்பேன்? கூண்டை இறக்கி வைத்திருப்பேன் என்று சொல்லத் துணிவில்லை. கைதட்டியிருக்க மாட்டேன்.