தோற்கடிக்கும் கலை

ஒரு வீடியோ கேம் தேறுமா என்று பார்க்க அதில் ஜெயிக்க வேண்டியதில்லை, தோற்றுப் பார்த்தால் போதும். ஜெயிக்கும்போது எல்லா கேமும் ஏறக்குறைய ஒன்றுதான்: இசை எழும்பும், காசு கொட்டும், திரையில் ஏதோ மின்னும். ஆடுகிறவர் தடுக்கி விழுந்த அடுத்த நொடியில் கேம் என்ன செய்கிறது என்பதில்தான் செய்தவரின் கைநேர்த்தி தெரியும். சினிமா பார்க்கிறவர் பாதியில் தோற்பதில்லை. கச்சேரி கேட்கிறவரைப் பாடகர் மறுபடி பல்லவிக்குத் திருப்பி அனுப்புவதும் இல்லை. ரசிகரைத் தோற்கடித்துவிட்டு, அதற்குப் பிறகும் அவரைப் பிடித்துவைத்துக்கொள்ள வேண்டிய சங்கடம் இந்த ஒரு கலைக்குத்தான் உண்டு. சதுரங்கமும்தான் தோற்கடிக்கிறது என்று கேட்கலாம். ஆனால் அங்கே தோற்கடிப்பவர் எதிரே இருக்கும் இன்னொரு ஆட்டக்காரர். தனியாக ஆடும் கேமிலோ அந்த வேலையைச் செய்ய வேண்டியவர், எங்கோ ஓர் அலுவலகத்தில் இரண்டு மூன்று வருடங்களுக்கு முன்பே எல்லாவற்றையும் யோசித்து வைத்துவிட்டுப் போன வடிவமைப்பாளர்.

2018-இல் வந்த ‘செலஸ்ட்’ என்ற கேமைப் பாருங்கள். மேடலின் என்ற பெண் ஒரு மலையில் ஏறுகிறாள், கதை அவ்வளவுதான். முள்ளில் பட்டால் சாவு, பள்ளத்தில் விழுந்தால் சாவு. முடிப்பதற்குள் நூற்றுக்கணக்கான தடவை சாவது சாதாரணம். ஆனால் செத்ததும் ‘ஆட்டம் முடிந்தது’ என்ற பலகை வராது, நடந்ததையெல்லாம் முதலிலிருந்து நடக்கவும் வேண்டாம். கண் இமைப்பதற்குள் அதே திரையின் தொடக்கத்தில் அவள் நிற்பாள், கை தயங்குவதற்குக்கூட நேரமிருக்காது. இதைவிட நுட்பமான ஒன்றும் உண்டு. பாறை விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் வந்துவிட்ட பிறகும், மிகச் சிறிய ஓர் இடைவெளிக்குள் தாவும் பொத்தானை அழுத்தினால் கேம் அதை ஏற்றுக்கொள்ளும். கணக்குப்படி நீங்கள் விழுந்திருக்க வேண்டும். கேம் உங்கள் எண்ணத்தை மதித்துத் தாவவிடுகிறது. சலுகை கிடைத்ததே ஆடுகிறவருக்குத் தெரியாது, தன் கை சரியாக இருந்தது என்றே நினைத்துக்கொள்வார். 2011-இல் வந்த ஜப்பானிய கேம் ‘டார்க் சோல்ஸ்’ இதற்கு நேர் எதிர். சேர்த்ததையெல்லாம் செத்த இடத்திலேயே போட்டுவிட்டு வரவைக்கும், எடுக்கப் போகும் வழியில் மறுபடி செத்தால் மொத்தமும் போச்சு. கடுமைதான், ஆனால் நேர்மையான கடுமை. எங்கே தவறினோம் என்பது ஒவ்வொரு தடவையும் பளிச்சென்று தெரியும்.

மைக்ரோசாஃப்டின் ‘ஃபோர்ஸா’ கார் பந்தயங்களில் இன்னொரு வழி. வளைவில் கார் சறுக்கிச் சுவரில் மோதினால் ஒரு பொத்தானை அழுத்தி, சில நொடிகள் பின்னோக்கி ஓட்டிக்கொள்ளலாம். இப்படி அழித்துவிடக்கூடிய தோல்வி ஒரு தோல்வியா என்று பழைய ஆட்டக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். பின்னோக்கி ஓட்டினாலும் போய் நிற்பது அதே வளைவில்தானே! பிரேக்கை எப்போது அழுத்துவது என்று கற்காமல் அதைத் தாண்ட முடியாது. மோதி நெளிந்த பானெட் நிமிர்ந்து, சிதறிய விளக்கு மறுபடி பொருந்தும் அந்தக் காட்சியில் பெங்களூரின் கைவேலைக்கும் பங்கு உண்டு. ராஜேஷ் ராவ் 1997-இல் பெங்களூரில் தொடங்கிய துருவா இன்டராக்டிவ் நிறுவனத்தின் கலைஞர்கள் இந்த வரிசை கேம்களுக்குக் கார்களை உருவாக்கிக் கொடுத்தவர்கள். அந்த நிறுவனத்தை 2019-இல் ராக்ஸ்டார் கேம்ஸ் 79 லட்சம் டாலருக்கு வாங்கித் தன் பெங்களூர் ஸ்டூடியோவோடு சேர்த்துக்கொண்டது.

தமிழ் வாசகருக்கு நெருக்கமான உதாரணம் ‘வெண்பா’. டொரோன்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்டது, 2024-இல் அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருது பெற்றது. எண்பதுகளில் கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம்; அம்மாவின் கிழிந்து போன சமையல் குறிப்பேடு; விட்டுப்போன வரியை நாமே ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளைத் தப்பாக அடுக்கினால் இட்லி கெடும், மறுபடி அடுக்கலாம். மதிப்பெண் குறையாது, கடிகாரம் துரத்தாது. சவாலே இல்லை என்று சிலர் குறைப்பட்டார்கள். குறிப்பேட்டில் ஏன் அந்த வரி அழிந்தது, யாரிடம் கேட்டால் தெரியும், அவர் எத்தனை ஆயிரம் மைல் தள்ளி இருக்கிறார் என்பதெல்லாம் அந்தக் கெட்டுப்போன இட்லியில்தான் உறைக்கிறது. சவாலைக் கூட்டியிருந்தால் அது ஓடிப்போயிருக்கும்.

இனி மற்ற ரகம். ‘கேண்டி க்ரஷ்’ ஆடாத ஃபோன் குறைவு. ஐந்து உயிர், ஒன்று போனால் திரும்பி வர அரை மணி நேரம். இன்னும் இரண்டு மிட்டாய்தான் பாக்கி என்னும் இடத்தில் நகர்த்தல்கள் தீர்ந்துவிடும், உடனே ஒரு சிறிய ஜன்னல் திறக்கும்: காசு கொடுத்தால் இன்னும் ஐந்து நகர்த்தல். இங்கே தோல்வி எதையும் கற்றுத்தருவதில்லை, கல்லாவைத் திறக்கிறது. ‘செலஸ்ட்’ மறைவாகத் தந்த சலுகையை இது விலைப்பட்டியலோடு நீட்டுகிறது. அந்தப் பலகையின் கடினம் கைக்காகக் கூட்டப்பட்டதா, பர்ஸுக்காகக் கூட்டப்பட்டதா என்ற சந்தேகம் ஒரு தடவை வந்துவிட்டால் ரசனை அங்கேயே செத்துவிடும். விலை என்பது கலைக்கு வெளியே நடக்கும் வியாபாரம் என்று தள்ளிவிட முடியாதது இதனால்தான். காசு எந்த இடத்தில் கேட்கப்படுகிறது என்பது கேமின் வடிவத்திலேயே சேர்த்தி.

நம் அரசியல் இந்த இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்தையும் பார்த்துவிட்டது. 1967-இல் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து வழக்கெல்லாம் திறமையா அதிர்ஷ்டமா என்ற ஒரே கேள்வியைச் சுற்றியே ஓடியது. கர்நாடக அரசு 2021-இல் போலீஸ் சட்டத்தைத் திருத்திப் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடுத்தது. 2022 பிப்ரவரியில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தைச் செல்லாதென்றது. (அனிமேஷன், கேமிங், காமிக்ஸ் துறைக்கு நாட்டிலேயே முதலில் தனிக் கொள்கை வகுத்ததும் இதே மாநிலம்தான், 2012-இல்.) 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டம் அந்தப் பழைய கேள்வியைத் தூக்கிப்போட்டது: திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டிப் பணம் எதிர்பார்த்து ஆடினால் தடை. பெங்களூரின் மொபைல் பிரீமியர் லீக் பண ஆட்டங்களை நிறுத்தி ஆட்களையும் குறைத்தது. வேலை இழந்தவர்களின் வருத்தம் நியாயமானது. ஆனாலும் தோற்ற கோபத்திலேயே அடுத்த ஆட்டத்துக்குப் பணம் கட்டத் தூண்டும் ஒரு திரையை வடிவமைப்பின் சாதனை என்று என்னால் பாராட்ட முடியாது. சட்டம் கல்லாவரை வந்துவிட்டது. ஆனால் பணம் திரும்பி வரும் ஆசை இல்லாமல், வெறும் ஐந்து நகர்த்தலுக்காகக் கொடுக்கும் காசு அதன் வலையில் விழாது.

பப்ஜி விவகாரம் இன்னும் வேடிக்கை. 2020 செப்டம்பரில் சீனத் தொடர்பைக் காரணம் காட்டித் தடை வந்தது. 2021 ஜூலையில் கொரிய நிறுவனமான கிராஃப்டன் அதையே இந்தியப் பெயரில் கொண்டுவந்தது. தெறிக்கும் ரத்தம் பச்சையானது. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் என்ற வரம்பும், 7,000 ரூபாய் என்ற தினசரிச் செலவு வரம்பும் வந்தன. ஒரு பள்ளிப்பிள்ளை ஒரு நாளில் 7,000 ரூபாய் செலவழிக்கலாம் என்பது யாருக்கும் உறுத்தவில்லை, ரத்தத்தின் நிறம் உறுத்தியது! இத்தனைக்கும் அந்த கேம் ஆட்டம் என்ற அளவில் மோசமில்லை. சுருங்கிக்கொண்டே வரும் வட்டத்துக்குள் நூறு பேர். செத்தால் ஏன் செத்தோம் என்று தெரிகிறது. பெரும்பாலும் கடையில் விற்பது உடையும் துப்பாக்கி வண்ணமும்தான், வெற்றி அல்ல. அந்த உடைகளையும் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பெட்டிகளில் போட்டு விற்பதுதான் அதன் அசிங்கம். பெல்ஜியம் 2018-லேயே அத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்று முடிவு செய்தது.

இதற்கெல்லாம் ஒரு வலுவான மறுப்பு இருக்கிறது. கன்சோல் வாங்க முடிந்தவருக்கு முன்பே முழு விலை கொடுத்து வாங்கும் கேமின் கண்ணியம் பற்றிப் பேசுவது சுலபம். கையில் மலிவான ஃபோன் மட்டும் இருக்கும் பையனுக்கு இலவச கேம்தான் வாசல், அந்த வாசலில் உண்டியல் இருந்தால்தான் என்ன? உண்மை, இந்தியாவில் பெரும்பாலோர் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தார்கள். அதனால் உண்டியல் இருப்பதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை, அது விழுந்தவர் முகத்துக்கு நேரே நீட்டப்படுவதைப் பற்றித்தான் புகார். எரிக் பரோன் ஒற்றை ஆளாக உருவாக்கிய ‘ஸ்டார்டியூ வேலி’ ஃபோனில் ஒரே ஒரு தடவை விலை கேட்கிறது. பயிர் வாடினால் அடுத்த பருவத்தில் மறுபடி விதைக்க வேண்டியதுதான், வாடாமல் இருக்கக் காசு வாங்கும் கடை அதில் கிடையாது.

‘ஜிடிஏ’ வரிசையின் ஆறாவது கேம் 2026 நவம்பர் 19-இல் வெளியாகும் என்று ராக்ஸ்டார் அறிவித்திருக்கிறது. வாங்கப்போகிறவர்கள் இப்போதே அதன் விலையைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். ஐந்தாவது கேமில் இரண்டு உலகங்கள் இருந்தன: முழு விலை கொடுத்தவருக்குப் பின்னிப் பிணைந்த ஒரு கதை, அதோடு 2013-இலிருந்து ஷார்க் கார்டு என்ற பெயரில் பொய்க்காசை உண்மைக் காசுக்கு விற்கும் ஆன்லைன் உலகம். வருடக்கணக்கில் புதிது புதிதாகச் சேர்த்தது இரண்டாவதற்குத்தான். கதைக்கு ஒரு கூடுதல் அத்தியாயம்கூட வரவில்லை. பெங்களூர் ஸ்டூடியோ உட்பட அத்தனை பேரின் உழைப்பும் இந்தத் தடவை எந்த உலகத்துக்குப் போகப்போகிறது என்பதைப் பற்றித்தான் எனக்குக் கவலை. விலை எவ்வளவு என்பது இரண்டாவது கேள்வி.