பூந்தமல்லி நெடுஞ்சாலையும் பேசும்படமும்

தமிழ்நாட்டில் படத்தையும் ஒலியையும் சேர்த்துக் காட்டும் முயற்சி, பேசும்படம் வருவதற்கு இருபது ஆண்டுகள் முன்பே நடந்தது. சென்னையில் புகைப்படத் தொழில் நடத்திவந்த ரகுபதி வெங்கையா 1910-ஐ ஒட்டிக் குரோனோமெகாபோன் என்ற கருவியை வாங்கினார். ஒரு பக்கம் கிராமபோன் தட்டு சுழலும், மறுபக்கம் படம் ஓடும். இரண்டும் ஒத்துப்போகும் வரை திரையில் இருப்பவர் பாடுவதுபோலத் தெரியும். விக்டோரியா பப்ளிக் ஹாலில் அதைக் காட்டிக் காசு பார்த்த வெங்கையா, கருவியைக் கட்டிக்கொண்டு பெங்களூர், இலங்கை, பர்மா என்று சுற்றிவந்தார். படங்கள் சில நிமிடத் துண்டுகளே. தட்டும் படமும் பிசகாமல் ஓடுவது அரிது. ஆகவே அந்த வித்தை வேடிக்கையாகவே முடிந்துபோனது.

அடுத்த இருபது ஆண்டுகளும் ஊமைப்படக் காலம் எனப்படுகிறது. ஆனால் கொட்டகைக்குள் மௌனம் இருந்ததே இல்லை. திரைக்கு முன்னால் ஆர்மோனியம், தபலா, வசதி இருந்தால் பேண்டு செட்டு. திரையோரம் ஓர் ஆள் நின்று கதை சொல்வார். எழுத்து அட்டை வரும்போது அதை உரக்கப் படிப்பார், இடையிடையே தம் சொந்தச் சரக்கையும் அவிழ்ப்பார். எழுதப் படிக்கத் தெரியாத கூட்டத்துக்கு அவரே வசனகர்த்தா. ஒரு படத்தை ஊருக்கு ஏற்றபடி தமிழாகவும் தெலுங்காகவும் ஆக்கியவர் அவர்தான். ஊமைப்படத்துக்கு மொழி எல்லை இல்லாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பம்பாயில் எடுத்த படம் மதுரையில் ஓடியது. சென்னையில் எடுத்ததும் வடக்கே போகலாம், எழுத்து அட்டையை மாற்றினால் போதும்.

தென்னாட்டின் முதல் கதைப்படம் 'கீசக வதம்'. அதன் ஆண்டை 1916 முதல் 1918 வரை ஆளுக்கொன்றாகச் சொல்வார்கள். எடுத்தவர் ஆர். நடராஜ முதலியார், மோட்டார் வண்டிகளும் உதிரிபாகங்களும் விற்றுவந்த வியாபாரி. பூனாவில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற வெள்ளைக்காரப் படப்பிடிப்பாளரிடம் கேமராவைச் சுழற்றக் கற்றுக்கொண்டு வந்து, மில்லர்ஸ் சாலையில் இந்தியா பிலிம் கம்பெனியைத் தொடங்கினார். வெள்ளைத் துணிக் கூரையின் வழியே வெயிலை வடிகட்டிப் படம் எடுத்தார். பிலிம் கழுவும் வேலை, தட்பவெப்பம் தோதாக இருந்த பெங்களூரில் நடந்தது. மில்லர்ஸ் சாலை பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டியது. அந்த நெடுஞ்சாலையில் மேற்கே போனால் பூந்தமல்லி, செம்பரம்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர் என்று பெங்களூர் வரை போகலாம்.  தமிழ்ப் படத் தொழிலின் முக்கியமான இரண்டு தொடக்கங்கள் இந்தச் சாலையை ஒட்டியே அமைந்தன. இரண்டாவது 1934-இல் நடந்தது. அதற்கு முன் தொழிலே ஊரைவிட்டுப் போய்வர வேண்டியிருந்தது.

இருபதுகளில் வெங்கையாவின் மகன் ஆர். பிரகாஷ் 'ஸ்டார் ஆஃப் தி ஈஸ்ட்' நிறுவனத்தின் வழியே 'பீஷ்ம பிரதிக்ஞை' (1921) முதலிய படங்களை எடுத்தார். 1927-இல் அரசு அமைத்த சினிமா விசாரணைக் குழுவுக்குத் தலைவர் சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார். குழு நாடு முழுக்கச் சுற்றிச் சாட்சியம் வாங்கியபோது திரையரங்குகளை ஆண்டுகொண்டிருந்தவை அமெரிக்கப் படங்கள். உள்நாட்டுப் படம் கிடைத்தால் மக்கள் அதைத்தான் பார்க்கிறார்கள் என்பதும் சாட்சியங்களில் வெளிப்பட்டது. அந்தப் பசியைக் கணக்கில் வைத்து ஏ. நாராயணன் 1929-இல் ஜெனரல் பிக்சர்ஸ் கார்ப்பரேஷனைத் தொடங்கினார். விநியோகத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர், ஹாலிவுட்டுக்கும் போய்வந்தவர். 'தர்மபத்தினி', 'கருட கர்வபங்கம்', 'கோவலன்' என்று சில ஆண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்ட ஊமைப்படங்களை எடுத்துத் தள்ளினார். மறுபக்கம் ஆர். பத்மநாபனின் அசோசியேட்டட் பிலிம்ஸ், பம்பாயில் கட்டுமஸ்தான நாயகனாகப் பெயர் வாங்கிய புதுக்கோட்டைக்காரர் ராஜா சாண்டோவை வரவழைத்து 'பேயும் பெண்ணும்' (1930) எடுத்தது. பின்னாளில் 'தியாகபூமி' எடுத்த கே. சுப்ரமணியம் பாடம் படித்தது இந்தக் கம்பெனியில். புராணத்தைத் தாண்டிச் சமூகக் கதைகளுக்கும் வெளிப்புறக் காட்சிகளுக்கும் சண்டைக்கும் சென்னைப் படங்கள் கை நீட்டத் தொடங்கிய நேரம் அது. இன்னும் ஐந்தாண்டு விட்டிருந்தால் ஊமைப்படம் தனக்கென ஒரு தமிழ் நடையைக் கண்டுபிடித்திருக்கும் என்று சொல்ல இடமுண்டு. அந்த ஐந்தாண்டு கிடைக்கவில்லை.

1931 மார்ச் 14-இல் பம்பாய் மெஜஸ்டிக் அரங்கில் அர்தேஷிர் இரானியின் 'ஆலம் ஆரா' வெளியானது. ஸ்டுடியோவுக்குப் பக்கத்தில் ரயில் பாதை போனதால் வண்டிகள் ஓயும் நள்ளிரவுக்குப் பின்தான் அதன் பெரும்பகுதியைப் பதிவுசெய்தார்கள். அதே இரானியின் தயாரிப்பில், எச். எம். ரெட்டி இயக்கத்தில் உருவான 'காளிதாஸ்' அக்டோபர் 31-இல் சென்னை கினிமா சென்ட்ரலில் (பிறகு முருகன் டாக்கீஸ்) திரையேறியது. படப்பெட்டி சென்ட்ரலில் வந்திறங்கியதும் கூட்டம் தேங்காய் உடைத்து, பூத்தூவி, வால்டாக்ஸ் சாலை வழியே ஊர்வலமாகக் கொண்டுபோனதாகச் சொல்வார்கள். நாயகி திருவையாற்றில் பிறந்து சிறுவயதிலேயே நாடக மேடை ஏறிய டி. பி. ராஜலட்சுமி. தமிழும் தெலுங்கும் கலந்து பேசிய அந்தப் படத்தில் காளிதாசன் கதையோடு தியாகராஜ கீர்த்தனையும், காந்தியின் ராட்டையைப் புகழும் பாட்டும், குறத்தி நடனமும் இருந்தன. கதைக்குப் பொருந்துகிறதா என்று எவரும் கேட்கவில்லை. திரை பாடுகிறது, அது போதும். பாட்டெழுதியவர் மதுரகவி பாஸ்கரதாஸ், நாடக மேடைக்கும் இசைத்தட்டுக்கும் எழுதிப் பேர் வாங்கியவர். பேசும்படம் எந்தப் பக்கம் போகப்போகிறது என்பது இந்த முதல் படத்திலேயே தெரிந்துவிட்டது.

சென்னைத் தயாரிப்பாளர்களுக்கு இந்த வெற்றி இடியாக இறங்கியது. ஊமைப்படக் கேமராவைக் கையால் சுழற்றலாம். நொடிக்குச் சுமார் 16 படச்சட்டம், கொஞ்சம் கூடக்குறைய ஓடினாலும் குற்றமில்லை. ஒலிக்கோ மோட்டார் பிசகாமல் நொடிக்கு 24 சட்டம் ஓட வேண்டும். பழைய கணக்கில் நிமிடத்துக்கு 60 அடி தின்ற பிலிம் இப்போது 90 அடி தின்றது. கேமரா இரைச்சல் மைக்கில் விழாமல் அதை மூடிக்கட்ட வேண்டும். ஒலிப்பதிவுக் கருவி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், அதை இயக்கத் தெரிந்தவரும் வேண்டும். இத்தனையும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் இருந்தன, சென்னையில் இல்லை. ஆகவே 1931 முதல் 1934 வரை தமிழ்ப் படங்கள் தமிழ்நாட்டுக்கு வெளியே பிறந்தன. நடிகர்கள், பக்கவாத்தியக்காரர்கள், சமையற்காரர் என்று ஒரு கல்யாணக் கூட்டமே ரயிலேறி வடக்கே போகும். திருச்சி ரயில்வே வேலையை விட்டுவிட்டு 1905-இல் பயாஸ்கோப்போடு ஊர் ஊராகச் சுற்றத் தொடங்கிய சாமிக்கண்ணு வின்சென்ட் கூட, 'வள்ளி திருமணம்' (1933) எடுக்கக் கல்கத்தா பயனியர் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்தார். 'சீதா கல்யாணம்' (1934) மராட்டிய நாட்டுப் பிரபாத் கம்பெனியின் படைப்பு, பாடலாசிரியர் பாபநாசம் சிவன் திரைக்கு வந்த படம். தமிழ் தெரியாத இயக்குநரும் ஒலிப்பதிவாளரும் தமிழ்ப் படத்தை எடுத்தார்கள். வசனம் சரியா என்று பார்ப்பது நாடக வாத்தியாரின் பொறுப்பானது. காட்சியை எப்படி அமைப்பது என்பதும் மெல்ல மெல்ல அவர் கைக்கே போனது. இந்த மூன்றாண்டு வடநாட்டு வாசத்தின் பலாபலன் தமிழ்ப் படங்களில் நெடுங்காலம் தெரிந்தது.

தொழிலைச் சென்னைக்குத் திருப்பிக் கொண்டுவந்ததில் முந்திக்கொண்டவர் நாராயணன். 1934-இல் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் சீனிவாசா சினிடோன் ஸ்டுடியோவை அமைத்தார். சவுண்டு சிட்டி என்றும் அதற்குப் பெயர். அங்கே உருவான 'சீனிவாச கல்யாணம்' (1934) சென்னையிலேயே எடுத்து முடிக்கப்பட்ட முதல் தமிழ்ப் பேசும்படம். அதற்கு ஒலிப்பதிவு செய்தவர் நாராயணனின் மனைவி மீனா. இந்தியாவின் முதல் பெண் ஒலிப்பதிவாளராக அவரைக் குறிப்பிடுகிறார்கள். பெண்கள் திரையில் முகம் காட்டுவதே பேச்சுக்கு இடமாக இருந்த காலத்தில், ஒரு குடும்பப் பெண் காதில் ஹெட்போன் மாட்டி ஒலிப்பதிவு மேசையில் உட்கார்ந்தது பெரிய செய்தி. திரை வரலாறுகளில் அவருக்குக் கிடைத்திருப்பது இரண்டு மூன்று வரிகள்தான்.

அதே ஆண்டு வேல் பிக்சர்ஸும் சென்னையில் ஸ்டுடியோ திறந்தது. அடையாற்றில் மீனாட்சி சினிடோனும் வந்தது. கே. சுப்ரமணியம் அங்கே எடுத்த 'பவளக்கொடி' (1934) எம். கே. தியாகராஜ பாகவதருக்கு முதல் படம். பாட்டுகள் ஐம்பதைத் தொட்டன. தளத்துக்குக் கூரை கிடையாது, வெயிலே விளக்கு. மேகம் மூடினால் நடிகர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். வெயில் வந்தால் இன்னொரு தொல்லை. மதியச் சாப்பாட்டு இலைகளைத் தேடி வந்த காக்கைகள், வயிறு நிறைந்த பிறகும் போகாமல் கரைந்து ஒலிப்பதிவைக் கெடுத்தன. ஏர்கன்னோடு ஓர் ஆங்கிலோ இந்தியரைக் காக்கை விரட்டுவதற்கென்றே சம்பளத்துக்கு வைத்தார்கள் என்பது சென்னைத் திரையுலகில் தலைமுறை தாண்டி வரும் கதை. பின்னணிப் பாட்டு என்ற ஏற்பாடு அப்போது இல்லை. நடிப்பவரே அந்த இடத்திலேயே பாட வேண்டும். ஆர்மோனியக்காரரும் தபலாக்காரரும் கேமராவின் கண்ணில் படாமல் மரத்துக்குப் பின்னால் ஒளிந்து வாசிப்பார்கள். கதாநாயகன் நடந்துகொண்டே பாடினால் வாத்தியங்களும் கூடவே நகரும். பெரும்பாலும் நாயகன் நடக்கவில்லை. மைக் இருக்கும் இடத்தில் நின்று, அசையாமல், நான்கு நிமிடம் பாடினார். ஊமைப்படம் கற்றிருந்த ஓட்டமும் சாட்டமும் அதோடு போயிற்று.

தமிழ்ச் சினிமா பேசத் தொடங்கியது என்பதைவிட, நாடக மேடை சினிமாவுக்குள் குடிபுகுந்தது என்பதே பொருந்தும். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் மரபில் வந்த, சிறுவர்களே நடித்த பாய்ஸ் கம்பெனிகளும் ஸ்பெஷல் நாடகக்காரர்களும் பாட்டும் வசனமும் நெட்டுருவாக வைத்திருந்தார்கள். வள்ளி திருமணம், பவளக்கொடி, நந்தனார், அரிச்சந்திரா என்று மேடையில் ஊறிய கதைகள் அப்படியே படமாயின. குரல் இருந்தவர்கள் உயர்ந்தார்கள். மேடையை ஆண்ட எஸ். ஜி. கிட்டப்பா 1933-இல் இளம் வயதிலேயே மறைந்துவிட்டதால் அந்த யோகம் அவருக்கு இல்லை. அவர் மனைவி கே. பி. சுந்தராம்பாள் 'பக்த நந்தனார்' (1935) படத்தில் நந்தனாராகவே நடிக்க ஒரு லட்சம் ரூபாய் வாங்கினார். ஒலி வந்தபின் ஒரு குரலுக்கு என்ன விலை கூடிற்று என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை. இழந்தவர்கள் பட்டியல் அவ்வளவு பேசப்படவில்லை. கதை சொல்லிகளுக்கும் கொட்டகை வாத்தியக்காரர்களுக்கும் வேலை போயிற்று. ஊமைப்படங்களில் நடித்துவந்த ஆங்கிலோ இந்திய, யூதப் பெண்களுக்கு மொழி குறுக்கே நின்றது. பம்பாயில் சுலோச்சனா என்ற ரூபி மையர்ஸ் இந்தி கற்றுக்கொண்டு மீண்டார், எல்லோராலும் அது முடியவில்லை. இரு கரையிலும் நின்றவர்கள் சிலரே. ராஜா சாண்டோ, நாடகக்காரர்களான டி. கே. எஸ். சகோதரர்களைக் கொண்டு 'மேனகா' (1935) எடுத்து, வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலைத் திரைக்குக் கொண்டுவந்தார். ராஜலட்சுமி 'மிஸ் கமலா'வை (1936) தாமே தயாரித்து இயக்கினார்.

ஊர்ப்புறங்களில் மாற்றம் மெதுவாக நடந்தது. ஊமைப்பட புரொஜெக்டரை வைத்திருந்த கொட்டகைக்காரர் ஒலிபெருக்கியும் புதுக்கருவியும் வாங்கப் பணம் புரட்ட வேண்டும், மின்சாரமும் வேண்டும். 1932-இல் பைக்காரா நீர்மின் திட்டம் தொடங்கியது கோவைப் பக்கத்துக்குக் கைகொடுத்தது. மற்ற இடங்களில் டூரிங் டாக்கீஸ் எண்ணெய் எஞ்சினோடு ஊருக்கு ஊர் போயிற்று. படத்தோடு பாட்டுப் புத்தகமும் விற்றது. படம் பார்க்காதவரும் அதை வாங்கிப் பாடினார்கள். இசைத்தட்டு வியாபாரம் திரையோடு கைகோத்தது. தட்டு விற்பனையிலிருந்து படத்தயாரிப்புக்கு வந்த ஏவி. மெய்யப்பன் முதலில் 'அல்லி அர்ஜுனா'வில் (1935) கையைச் சுட்டுக்கொண்டார். பிறகு 'நந்தகுமார்' (1938) படத்தில் திரையில் தோன்றியவருக்குப் பதிலாக லலிதா வெங்கட்ராமனைப் பாடவைத்தார். மைக்குக்கு அடியில் கட்டிப்போட்டிருந்த நடிகரை அவிழ்த்துவிடும் வழி அதில் இருந்தது. ஆனால் பாடும் நாயகர்களின் செல்வாக்கு இன்னும் பத்தாண்டு அதைப் பெரிதாக எடுபடவிடவில்லை.

நாராயணனின் கடைசிக் காலப் படங்களில் ஒன்று 'ஸ்ரீ ராமானுஜர்' (1938). ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ஆசாரியரின் கதை. அதற்காகச் சேர்ந்த கூட்டம் வழக்கமான நாடகக் கூட்டம் இல்லை. எழுத்துப் பொறுப்பு சீர்திருத்த எழுத்தாளர் வ. ரா.வுக்கு. இராமானுசராக நடித்தவர் காலணாப் பத்திரிகை 'சுதந்திரச் சங்கு'வின் சங்கு சுப்பிரமணியன். ந. பிச்சமூர்த்தியும் நடித்தார், பாரதிதாசன் பாட்டெழுதினார். கோயில் நுழைவு நாடெங்கும் சூடாக இருந்த நேரத்தில், எல்லாருக்கும் மந்திரத்தைச் சொல்லிவிட்ட ஆசாரியர் வ. ரா.வுக்கு ஏன் பிடித்தார் என்று யோசிக்கவே வேண்டாம். பத்திரிகை எழுத்தாளர்கள் திரைக்குள் கூட்டாக நுழைந்த முதல் முயற்சிகளில் அது ஒன்று. நாடக வாத்தியாரிடமிருந்து எழுத்தாளனிடம் வசனம் வந்துசேரப்போகிறது என்பதற்கு அதில் முன்னறிகுறி உண்டு. மறு ஆண்டே நாராயணன் காலமானார்.

இன்று இந்தக் காலத்தைப் படம் பார்த்து ஆராயப் பெரும்பாலும் வழியில்லை. 'கீசக வதம்', 'காளிதாஸ்' இரண்டும் பிரதி இல்லாமல் போய்விட்டன. எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் பிலிமைப் பாதுகாக்க எவரும் மெனக்கெடவில்லை. தென்னாட்டு ஊமைப்படங்களில் கிட்டத்தட்ட முழுமையாகக் கைக்குக் கிடைத்திருப்பது பி. வி. ராவ் இயக்கிய 'மார்த்தாண்ட வர்மா' (1933). அதுவும் வழக்கால் பிழைத்தது. சி. வி. ராமன் பிள்ளையின் நாவலைப் பதிப்பித்த திருவனந்தபுரம் கமலாலயா புத்தகக் கடையின் பதிப்புரிமை வழக்கில் படம் முடங்கி, பிரதி அந்தக் கடையிலேயே கிடந்தது. 1974-இல் பூனா தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதை வாங்கிக்கொண்டது.