அப்பூச்சி அபிநயமும் ரஸ விசாரமும்

பெரியாழ்வார் திருமொழியில் இரண்டாம் பத்தின் முதல் திருமொழி, கண்ணன் அப்பூச்சி காட்டும் சேஷ்டிதத்தை ஆய்ச்சியர் பேச்சாக அனுபவிப்பது. இதையொட்டிப் பெரியோர் சொல்லிவரும் ஐதிஹ்யம் ஸம்ப்ரதாயஸ்தர் அனைவரும் அறிந்ததே. உடையவர் திருமுன்பே அரையர் இதனை அபிநயிக்கையில், உலகில் சிறுவர் செய்யுமாபோலே கண்ணிமையை மடித்துக் காட்டினார். உடையவருக்குப் பின்னே இருந்த எம்பார், தம் கைகளைத் தோளோடு சேர்த்துச் சங்கு சக்கரங்களைக் குறிப்பால் உணர்த்த, அரையரும் அடுத்தபடி அவ்வாறே அபிநயித்தார். இது எம்பாருடைய செயலே என்று உடையவர் கண்டுகொண்டார்.

எம்பாருடைய அனுபவச் சீர்மைக்கு உதாரணமாக இதைச் சொல்லி நிறுத்திவிடுவது வழக்கம். ஆயின் இங்கு நிகழ்ந்தது ஒரு கலையைப் பற்றிய தீர்ப்பு. ஓர் அபிநயத்தினும் மற்றொன்று ஏற்றமுடையது என்று துணியப்பட்டது. அத்துணிவுக்கு ஹேது என்ன? நம் வ்யாக்யாதாக்கள் அலங்கார சாஸ்த்ரத்தின் ரஸக்கொள்கையை அப்படியே கைக்கொண்டார்கள் என்று எழுதுவோர் இவ்விடத்தைச் சற்று நின்று பார்க்கவேண்டும்.

பரதரின் ரஸ ஸூத்ரத்துக்குப் பொருள் கூறியவர்களில் ஸ்ரீசங்குகர், நடனுடைய அநுகரணத்தைக் கொண்டு ஸ்தாயிபாவம் அநுமிக்கப்படுகிறது என்றார். சித்திரத்தில் எழுதிய குதிரையைக் குதிரை என்று கொள்ளுமாபோலே. இந்த அளவுகோலால் அளந்தால் அரையரின் முதல் அபிநயத்தில் குறையேதும் இல்லை. பிள்ளைகள் அஞ்சப் பண்ணுவது அப்படித்தான்.

அபிநவகுப்தர் இக்கொள்கையை மறுத்தார். அவர் மதத்தில் தேசம், காலம், ஆள் என்னும் விசேஷங்கள் நழுவிப் பாவம் பொதுமை எய்தினாலே ரஸம். அதற்கு அவர் காட்டும் உதாரணமும் அச்சமே: சாகுந்தலத்தில் துஷ்யந்தனுக்கு அஞ்சி ஓடும் மான். அது இன்ன மான் என்னும் நினைவு நீங்கியபின் எஞ்சுவது அச்சம் ஒன்றே. மானுக்கு இது முற்றும் பொருந்தும். இவ்வளவு நுட்பமாக நாடகத்தைக் கண்டவர் அரியர். அப்பூச்சிக்குப் பொருந்துமோ? விசேஷம் நழுவினால் இங்கு முதலில் நழுவுவது சங்கும் சக்கரமுமே. பிறகு எந்தப் பிள்ளை காட்டிய பூச்சாண்டியாயினும் ஒன்றே.

எம்பார் மீட்டது அந்த விசேஷத்தை. அதுவும் தம் ருசியைக் கொண்டு அன்று. திருமொழியின் முதற்பாசுரமே சங்கை இடத்தே உடையவன் என்று தொடங்குகிறது. மூலத்தில் கிடந்ததையே அவர் கைகாட்டினார். இரு தோளுடைய ஆயர் சிறுவர் நடுவே ஒருவன் திடீரென ஆழியும் சங்குமாய்த் தோன்றினால் அஞ்சாதார் யார்? இமை மடிப்பது எவர்க்கும் கூடும். இது இவனுக்கே கூடும். ஆகவே இங்கே தீர்ப்புக்கு அளவுகோல் ரஸிகனுடைய ஆஸ்வாதத்தைவிட, ஆஸ்வதிக்கப்படுகிற வஸ்துவின் ஸ்வரூபம் என்றே கொள்ளவேண்டியிருக்கிறது.

ஓர் ஆக்ஷேபம் எழும். ஐச்வர்யத்தைக் காட்டினால் வாத்ஸல்யம் குன்றாதோ? 1541-இல் பக்திரஸாம்ருதஸிந்துவை நிறைவித்த ரூபகோஸ்வாமியின் வழியினர், ஐச்வர்ய ஞானம் அன்பின் நெகிழ்ச்சியைத் தளர்த்தும் என்றே கருதுவர். எளிதில் தள்ளத்தக்க கருத்தன்று. திருவாழியைக் கண்ட தாய் கைகூப்பினால் தாய்மைக்கு இடமேது? ஆனால் இத்திருமொழியின் ஆய்ச்சி கைகூப்பவில்லை. அஞ்சுகிறாள், அஞ்சியபடியே தோழிக்குச் சொல்லி மகிழ்கிறாள். நம்மவர்க்குப் பரத்வம் ஸௌலப்யத்துக்குப் பகையன்று. பெரியவன் எளியவனானால்தான் எளிமை குணம். எளியவன் எளியவனாயிருப்பதில் கொண்டாட என்ன இருக்கிறது? இமை மடிக்கும் அபிநயம் ஸௌலப்யத்தைக் காட்டியது, ஆனால் யாருடைய ஸௌலப்யம் என்பதைச் சொல்லாமல் விட்டது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. எம்பார் அரையரைத் தடுக்கவில்லை, தூஷணம் சொல்லவுமில்லை. கோஷ்டியின் நடுவே, ஆசார்யன் திருமுதுகுக்குப் பின்னே, அபிநயத்துக்கு மறுமொழியை அபிநயத்தாலேயே சொன்னார். அரையர் அதை அந்த க்ஷணத்திலேயே வாசித்தறிந்து தம் கையில் ஏற்றார்.