திரைக்கு வராத வரிகள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிளை நூலகத்தின் மாடியில், பள்ளிப் பிள்ளைகளுக்காக மஜித் மஜிதியின் ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ படத்தைத் திரையிட்டோம். 1997இல் வந்த ஈரானியப் படம். தங்கையின் ஷூவைத் தொலைத்துவிட்ட அண்ணன், தன் ஒரே ஜோடியை அவளோடு மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு ஓடுகிற கதை. பாரசீகம் தெரிந்தவர் அந்த அறையில் ஒருவரும் இல்லை. நண்பர் ஒருவர் தமிழ் சப்டைட்டிலைப் பென்டிரைவில் கொண்டுவந்திருந்தார். படம் ஓடத் தொடங்கியதும் திரையின் அடியில் வரிசை வரிசையாக வெற்றுக் கட்டங்கள் வந்து போயின. முன்வரிசையில் இருந்த சிறுமி திரும்பிப் பார்த்து, “எழுத்து வரலைங்க சார்” என்றாள்.

எங்களில் ஒருவர் கம்பியைப் பிடுங்கிச் செருகினார். இன்னொருவர் அதே கோப்பைத் திரும்பத் திரும்பத் திறந்தார். பத்து நிமிடம் இப்படியே போயிற்று. பழுது இருந்த இடமோ மிகச் சிறியது. அந்த மடிக்கணினியில் சப்டைட்டிலுக்கென்று வைத்திருந்த எழுத்துருவில் தமிழே இல்லை. நிர்மலா எழுத்துருவைத் தேர்ந்தோம், தமிழ் வந்தது. அதன்பின் பிள்ளைகள் ஒவ்வொரு வரியையும் ஒரே குரலில் சத்தமாக வாசித்துக்கொண்டே படம் பார்த்தார்கள்.

கட்டங்கள் என்ன சொல்கின்றன என்று பார்க்காமல், கைக்கு எட்டியதையெல்லாம் மாற்றியதுதான் அன்று நாங்கள் செய்த தவறு. சப்டைட்டில் வராததற்குக் காரணங்கள் பல. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை திரையில் தமக்கென்று ஓர் அடையாளத்தை விட்டுச்செல்கின்றன. அந்த அடையாளங்களை வகைப்படுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரிகள் குடியிருக்கும் இடம்

கணினியில் ஒரு படத்தின் வசன வரி மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும். முதல் வகை, காட்சியின் மீதே பொறித்தது. அது படத்தின் பகுதி. மறையவும் மறையாது, அணைக்கவும் முடியாது. இரண்டாவது வகை, வீடியோக் கோப்புக்குள்ளேயே ஒலித்தடம் போலத் தனித் தடமாக இருப்பது. 2002 இறுதியில் அறிவிக்கப்பட்ட மட்ரோஸ்கா, அதாவது நாம் எம்கேவி என்று அறிந்த கோப்பு, இத்தகைய பல தடங்களைச் சுமக்கும். மூன்றாவது வகை, வீடியோவுக்குப் பக்கத்தில் தனிக் கோப்பாக இருப்பது.

உள்தடம் இருந்தும் வரி வரவில்லையென்றால், அந்தத் தடம் தேர்வாகியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். விஎல்சி பிளேயரில் ‘வி’ விசையை அழுத்த அழுத்தத் தடம் மாறும். இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. எம்கேவியில் சில தடங்களுக்கு ‘ஃபோர்ஸ்டு’ என்ற குறி இருக்கும். ஆங்கிலப் படத்தின் நடுவே ஒருவர் ரஷ்ய மொழியில் பேசினால், அந்தப் பேச்சுக்கு மட்டும் வரி காட்டுகிற தடம் அது. அதைத் தேர்ந்துவிட்டு ஒரு மணி நேரம் வெறுந்திரையைப் பார்த்தவர்கள் உண்டு. பழுது எதுவும் இல்லை. வேறு தடத்துக்கு மாறினால் போதும்.

தடத்தின் இயல்பையும் கவனிக்க வேண்டும். டிவிடியிலும் புளூரேயிலும் வரும் சப்டைட்டில் எழுத்தாக இருப்பதில்லை. ஒவ்வொரு வரியும் ஒரு சிறு படம். ஒரு டிவிடியில் இப்படி 32 தடங்கள் வரை வைக்கலாம். படமாக இருப்பதால் எழுத்துருச் சிக்கல் அதற்குக் கிடையாது. ஆனால் உலாவிகளும் பல தொலைக்காட்சிப் பெட்டிகளும் அந்தப் படத்தைக் காட்டுவதில்லை. ஒரே கோப்பு மேசைக்கணினியில் வரியோடும் டிவியில் வரியில்லாமலும் ஓடினால், ஐயம் முதலில் இதன் மேல்தான் விழ வேண்டும்.

தனிக் கோப்பின் சிக்கல்கள் எளியவை, ஆனால் அன்றாடம் நடப்பவை. வீடியோவின் பெயரும் சப்டைட்டிலின் பெயரும் ஒன்றாக இருந்து, இரண்டும் ஒரே ஃபோல்டரில் இருந்தால் பெரும்பாலான பிளேயர்கள் தாமாகவே சேர்த்துக்கொள்ளும். பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் சேர்க்காமல் விடலாம். இறக்கிய கோப்பு இன்னும் ஜிப்புக்குள்ளேயே இருக்கலாம். விண்டோஸ் கோப்பின் கடைசி ஒட்டை மறைத்துக் காட்டுவதால், எஸ்ஆர்டி என்று நாம் நம்பும் கோப்பு உண்மையில் எஸ்ஆர்டிக்குப் பின்னால் டிஎக்ஸ்டி என்ற வாலோடு இருக்கலாம். விண்டோஸ் மீடியா பிளேயரின் பழைய பதிப்புகள் எஸ்ஆர்டியைத் தாமாக வாசிக்கவே வாசிக்காது. தனியாக ஒரு ஃபில்டர் நிறுவ வேண்டும்.

எஸ்ஆர்டி: எளிமையும் அதன் விலையும்

உலகில் மிகப் பரவலாகப் புழங்கும் சப்டைட்டில் வடிவம் எஸ்ஆர்டி. 2000ஆம் ஆண்டு வாக்கில் பிரான்சில் எழுதப்பட்ட சப்ரிப் என்ற மென்பொருளிலிருந்து வந்தது. டிவிடியில் படமாக இருந்த வரிகளைப் பார்த்து எழுத்தாக மாற்றுவது அதன் வேலை. அதன் பிறப்பிடம் இன்றும் கோப்புக்குள் தெரிகிறது. நொடிக்கும் மில்லி நொடிக்கும் இடையே ஆங்கிலேயர் வைக்கும் புள்ளிக்குப் பதிலாகப் பிரெஞ்சுக்காரர் வைக்கும் காற்புள்ளிதான் அதில் இருக்கிறது.

ஓர் எஸ்ஆர்டி கோப்பை நோட்பேடில் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். முதலில் வரிசை எண். அடுத்து, தொடங்கும் நேரம், ஓர் அம்புக்குறி, முடியும் நேரம். அதன்கீழ் வசனம். பிறகு ஒரு வெற்று வரி. அவ்வளவுதான். இந்த நான்கில் ஒன்று கெட்டாலும் விளைவு திரையில் தெரியும். வெற்று வரி விடுபட்டால் இரண்டு வசனங்கள் ஒட்டிக்கொண்டு, நேரக் குறிப்பும் வசனம்போலத் திரையில் வந்து நிற்கும். அம்புக்குறிக்குள் இடைவெளி விழுந்தால் அந்த வசனம் காணாமல் போகும். இப்போது பலர் ஆங்கிலக் கோப்பை அப்படியே இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டுத் தமிழாக்குகிறார்கள். அது சில நேரம் வசனத்தோடு அம்புக்குறியையும் காற்புள்ளியையும் சேர்த்துக் கலைத்துவிடுகிறது. நடுவில் சில வரிகள் மட்டும் வராத கோப்புகளில் நான் முதலில் தேடுவது இதைத்தான். சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருள் இத்தகைய பிழைகளைப் பட்டியலிட்டுத் திருத்தித் தரும்.

எஸ்ஆர்டியின் பெருங்குறை வேறொன்று. ‘நான் இந்தக் குறியாக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறேன்’ என்று சொல்ல அதில் இடமே இல்லை. பிளேயர் ஊகிக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு ஊகம் தவறினாலும் சேதம் குறைவு. தமிழுக்கு ஊகம் தவறினால் ஓர் எழுத்துகூட மிஞ்சாது.

எழுத்து சிதையும் ஐந்து விதம்

‘தமிழ்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறிகள்: த, ம, மேல்விலங்கு, ழ, புள்ளி. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். ஆக 15 பைட். தமிழ்க் குறிகள் எல்லாவற்றுக்கும் முதல் பைட் ஒன்றே. அதை மேற்கு ஐரோப்பியக் குறியாக்கமான விண்டோஸ்-1252 என்று எண்ணி வாசித்தால், தலையில் சாய்கோடு விழுந்த சிறிய இலத்தீன் ‘ஏ’ வரும். மெய்களுக்கும் காலுக்கும் மேல்விலங்குக்கும் இரண்டாவது பைட், வட்டத்துக்குள் ‘ஆர்’ என்ற வணிகக் குறியாக வரும். எனவே திரையின் அடியில் சாய்கோட்டு ஏயும் வட்ட ஆரும் மாறி மாறி ஓடினால், கோப்பில் இருப்பது யூடிஎஃப்-8 தமிழ்தான் என்று உறுதியாகச் சொல்லலாம். இந்தியின் வரிசையும் தெலுங்கின் வரிசையும் வேறு. கோப்பு நலமாக இருக்கிறது, வாசிப்பில்தான் பிழை. பிளேயரின் சப்டைட்டில் அமைப்பில் குறியாக்கத்தை யூடிஎஃப்-8 என்று மாற்றினால் தீர்ந்தது. இது முதல் விதம்.

இரண்டாவது விதம், வெற்றுக் கட்டங்கள். நூலக மாடியில் நாங்கள் கண்டது இதுவே. பிளேயர் தமிழ் என்று சரியாகப் புரிந்துகொண்டது. எழுதிக் காட்ட அதனிடம் வடிவம் இல்லை. விண்டோஸில் லதா, நிர்மலா. மேக்கில் இணைமதி, தமிழ் சங்கம். லினக்ஸில் நோட்டோ, லோகித் என்று தமிழ் எழுத்துருக்கள் உண்டு. இவற்றில் ஒன்றைத் தேர்ந்தால் கட்டங்கள் எழுத்தாகும்.

மூன்றாவது விதம், கேள்விக்குறிகள். இதுதான் துயரமானது. விண்டோஸின் நோட்பேட் 2019 வரை கோப்புகளை ‘ஆன்சி’ என்ற பழைய முறையில் சேமிப்பதையே முதல் தேர்வாக வைத்திருந்தது. தமிழை அப்படிச் சேமித்தால் எழுத்துகள் அழியும் என்று ஓர் எச்சரிக்கை வரும்; அதைப் படிக்காமல் சரி என்று அழுத்தினால் ஒவ்வொரு குறியும் ஒரு கேள்விக்குறியாகிவிடும். கட்டத்துக்குப் பின்னால் எழுத்து உண்டு. கேள்விக்குறிக்குப் பின்னால் எதுவும் இல்லை. எந்த அமைப்பை மாற்றினாலும் அது திரும்பாது. மூலக் கோப்பைத் தேடிப் போவதைத் தவிர வழியில்லை.

நான்காவது விதம், நம் சொந்த வரலாற்றின் எச்சம். யூனிகோடு பரவுமுன் தமிழில் டிஸ்கி, டேப், டேம் என்று பல குறியாக்கங்கள் இருந்தன. இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடமும் பாமினி எழுத்துரு பெருவழக்காக இருந்தது. பாமினியில் ‘தமிழ்’ என்று தெரிவது கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான். திரையில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் ஓடி, நடுவே அரைப்புள்ளிகள் அடிக்கடி விழுந்தால், பாமினியை நினைக்கலாம். அந்த அரைப்புள்ளிகள் நம் மெய்யெழுத்தின் புள்ளிகள். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றிகள் இவற்றை யூனிகோடுக்குக் கொண்டுவந்துவிடும்.

ஐந்தாவது விதத்தில் எழுத்து வரும், கோவை வராது. ‘கொடு’ என்ற சொல்லில் கொம்பு ககரத்துக்கு முன்னும் கால் பின்னும் நிற்கிறது. கோப்பில் முதலில் ககரமும் அடுத்து ஒகரக் குறியும்தான் இருக்கும். கொம்பைப் பிரித்து முன்னால் வைப்பது எழுத்தைக் கோக்கும் மென்பொருளின் வேலை. ஹார்ஃப்பஸ் என்ற திறமூல நிரல் இன்று உலாவிகளிலும் பிளேயர்களிலும் இந்த வேலையைச் செய்கிறது. அது இல்லாத பழைய பிளேயரிலும் மலிவான டிவிகளிலும் கொம்பு இடம் மாறி, புள்ளி விலகி, நடுவே புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் தோன்றும். இதற்கு அமைப்பில் தீர்வில்லை. பிளேயரைப் புதுப்பிக்க வேண்டும், அல்லது மாற்ற வேண்டும்.

நேரம் தவறிய வரிகள்

வரி வருகிறது, ஆனால் வேறொருவர் பேசும்போது வருகிறது என்றால் அது கடிகாரப் பிழை. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவு முந்தினாலோ பிந்தினாலோ அது எளிது: விஎல்சியில் ‘ஜி’, ‘எச்’ விசைகள் ஒவ்வோர் அழுத்தத்துக்கும் 50 மில்லி நொடி நகர்த்தும். முதலில் சரியாக இருந்து போகப் போக விலகினால் கதை வேறு. சினிமா நொடிக்கு 24 சட்டகம். ஐரோப்பாவின் பால் முறைத் தொலைக்காட்சி 25. அங்கே வெளியான படங்கள் பலவும் சற்றே வேகமாக ஓடும். இரண்டு மணி நேரப் படம் ஏறத்தாழ ஐந்து நிமிடம் முன்னதாக முடிந்துவிடும். ஒரு பதிப்புக்கு எழுதிய வரியை மற்றதற்குப் போட்டால் விலகல் வளர்ந்துகொண்டே போகும். இங்கே நகர்த்தினால் பயனில்லை. சட்டக வீதத்தை மாற்ற வேண்டும். படத்தின் முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் மட்டும் சோதித்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும்.

உலாவியின் கண்டிப்பு

உலாவிகள் எஸ்ஆர்டியை ஏற்பதில்லை. வெப்விடிடி என்ற வடிவத்தைக் கேட்கின்றன. அதன் முதல் வரி அந்த வடிவத்தின் பெயராகவே இருக்க வேண்டும்; காற்புள்ளி இருந்த இடத்தில் புள்ளி வேண்டும்; குறியாக்கம் யூடிஎஃப்-8 மட்டுமே. எஸ்ஆர்டியின் ஒட்டை மட்டும் மாற்றிப் பெயரிட்டால் வராது. வரிக்குப் பதிலாக எந்தச் சிதைவும் இன்றி வெறுமையே தெரிவது இதன் அடையாளம். இந்தக் கண்டிப்பை நான் வரவேற்கிறேன். எஸ்ஆர்டி ஊகத்துக்கு விட்டதை இது விதியாக்கியிருக்கிறது.

யாருக்காக இவ்வளவும்

வசன வரி சிலருக்கு ஒரு வசதி; சிலருக்கு அதுதான் குரல். அமெரிக்கத் தொலைக்காட்சியில் செவித்திறன் குறைந்தோருக்கான மூடிய வரிகள் 1980 மார்ச்சில் தொடங்கின. இந்தியாவில் திரையரங்குகளில் செவி, பார்வைக் குறைபாடு உள்ளோருக்கான அணுகல் வழிகாட்டுதல்களைத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2024 மார்ச்சில் வெளியிட்டது. திரையரங்குக்கு விதி வந்திருக்கிறது. வீட்டுக் கணினியில் ஓடும் கோப்புக்கு அதை உருவாக்குபவரின் பொறுப்புதான் விதி.

பார்ப்பவர் நினைவில் வைக்க வேண்டிய வரிசை சிறியது. எதுவுமே வரவில்லையா? தடத்தையும் பெயரையும் பாருங்கள். சாய்கோட்டு ஏயா? குறியாக்கம். கட்டமா? எழுத்துரு. அரைப்புள்ளி விழும் ஆங்கில எழுத்துகளா? மாற்றி. கொம்பு இடம் மாறியதா? பிளேயர். நேரம் விலகுகிறதா? சட்டக வீதம். கேள்விக்குறியா? வேறு கோப்பு.

தமிழில் வசன வரி எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கோப்பை யூடிஎஃப்-8இல் சேமியுங்கள். வீடியோவின் பெயரையே வைத்து, தமிழுக்கான டிஏ என்ற குறியை அதில் சேருங்கள். கையைவிட்டு அனுப்புமுன் உங்களுடையதல்லாத ஒரு கணினியில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. அதைச் செய்துவிட்டால், எழுத்து வரவில்லை என்று எந்தப் பிள்ளையும் திரும்பிப் பார்க்க நேராது.