தொண்ணூறு வண்டிக் கணக்கு

மின்சாரக் காருக்கு மாற ஒரு கம்பெனி ஓடுகிறது, இன்னொன்று தயங்குகிறது. ஓடுவது முற்போக்கு, தயங்குவது பழமை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஜப்பானின் டொயோட்டாவைப் பாருங்கள். பெட்ரோல் எஞ்சினையும் மின் மோட்டாரையும் இணைத்த 'பிரியஸ்' ஹைபிரிட் காரை 1997-லேயே விற்பனைக்குக் கொண்டுவந்தது அது. அதையா பழமை என்பது?

அந்தக் கம்பெனி 2023-ல் ஒரு கணக்குச் சொல்லிற்று. நெடுந்தூரம் ஓடும் ஒரு மின்சாரக் காரின் பாட்டரிக்கு வேண்டிய மூலப்பொருள்களைக் கொண்டு 90 ஹைபிரிட் கார்களுக்குப் பாட்டரி செய்யலாமாம். அந்த 90 கார்களும் தம் ஆயுளில் குறைக்கும் கரியமில வாயு, அந்த ஒற்றை மின்சாரக் கார் குறைப்பதைப் போல் 37 மடங்காம்!

பெருக்கலில் பிழையில்லை என்றே கொள்வோம். அடிப்படை சரியா? லிதியமும் நிக்கலும் இன்றுள்ள அளவுக்கு மேல் பெருகா என்று இக்கணக்கு வைத்துக் கொள்கிறது. நிக்கலே வேண்டாத இரும்பு பாஸ்பேட் பாட்டரிகள் இப்போதே சாலையில் ஓடுகின்றன. தேய்ந்த பாட்டரியிலிருந்து உலோகத்தை மீட்கலாம். எரிந்த பெட்ரோலை மீட்க முடியுமா? நிலக்கரியால் மின்சாரம் செய்யும் நாட்டில் மின்சாரக் காரின் நன்மை குறையும் என்று அக்கம்பெனி சொல்வதில் மட்டும் சாரம் உண்டு.

பிறகு ஏன் இந்தக் கணக்கு? சீனாவின் பி.ஒய்.டி.யோடு ஒப்பிட்டால் விளங்கும். 1995-ல் ஷென்ஜென் நகரில் தோன்றியபோது அது பாட்டரிக் கம்பெனி. காருக்கு வந்தது 2003-ல்தான். பெட்ரோலால் மட்டும் ஓடும் கார்களை 2022 மார்ச்சில் அது நிறுத்தியது. (மின்னேற்றும் வசதியுள்ள ஹைபிரிட்களை விடவில்லை என்பதையும் கவனியுங்கள்.) அதற்கு இழக்க அதிகமில்லை. டொயோட்டாவுக்கோ பிஸ்டன், வால்வு, கியர் என்று பல்லாண்டு தேர்ந்த கைத்திறனும், அவற்றையே நம்பி வாழும் துணைத் தொழிற்சாலைகளும் உண்டு. மின்சாரக் காரில் இவற்றுக்குப் பெரும்பாலும் வேலையில்லை. செலவில் பெரும்பங்கு பாட்டரிக்கே. அதை வெளியே வாங்கும் கம்பெனி இலாபத்தையும் வெளியே கொடுக்கிறது.

நிஸ்ஸான் ஒரு விலக்கு. எஞ்சின் கம்பெனியாக இருந்தும் 2010-லேயே 'லீஃப்' மின்சாரக் காரை விற்கத் தொடங்கியது. ஆனால் 2019-ல் தன் பாட்டரித் தொழிலின் பெரும்பங்கை விற்றுவிட்டது!

டொயோட்டா அப்படிச் செய்யவில்லை. 2025-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் சொந்தப் பாட்டரித் தொழிற்சாலை திறந்திருக்கிறது. ஹைபிரிட்டுக்கும் மின்சாரக் காருக்குமாக இரண்டுக்கும் அங்கே பாட்டரி செய்ய ஏற்பாடு.